மாளிகை வாழ்வும் மறந்த மொழியும்

வறுமை ஒரு மொழியை வாட்டும். ஆனால் எளிதில் மாய்த்துவிடாது. மலேசியத் தமிழரின் நூறாண்டுக்கு மேற்பட்ட வாழ்க்கையே இதற்குச் சான்று. மண்ணெண்ணெய் விளக்கெரிந்த லயத்து வீடுகளில் தமிழ் தழைத்தது. ஆயாக் கொட்டகைத் தொட்டில்களில் அது தாலாட்டாக ஒலித்தது. விடியுமுன் பிரட்டுக் களத்தில் நின்றவர்களின் பேச்சிலும், பால் வாளி சுமந்து திரும்பியவர்களின் பாட்டிலும் அது வாழ்ந்தது. அந்நாளில் சோற்றுக்குக் குறைவிருந்தது, சொல்லுக்குக் குறைவிருந்ததில்லை. இந்நாளிலோ சோற்றுக்குக் குறைவில்லாத வீடுகள் பலவற்றில் சொல்லுக்குப் பஞ்சம் வந்திருக்கிறது. செல்வம் நுழையும் வாயில் வழியே தமிழ் வெளியேறுவது ஏன்? இக்கேள்விக்கு விடை காண விரும்புவோர் ஜொகூர் பாரு மாநகரின் செல்வர் குடியிருப்புகளை ஒருமுறை சுற்றி வந்தால் போதும்.

மவுண்ட் ஆஸ்டின், ஆஸ்டின் ஹைட்ஸ், ஹொரைசன் ஹில்ஸ், ஈஸ்ட் லெடாங் என்று பெயர்களே ஆங்கிலத்தில் மின்னும் குடியிருப்புகள் அவை. பல இடங்களில் சுற்றிலும் மதில். வாயிலில் தடுப்புக் கம்பி. இரவும் பகலும் காவலர். உள்ளே அகன்ற சாலை, செயற்கை ஏரி, குழிப்பந்துத் திடல், நீச்சல் குளம். அங்கே சீனரும் மலாய்க்காரரும் வெளிநாட்டாரும் வாழ்கின்றனர். அவர்களிடையே தமிழ் மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர், வணிகர், சிங்கப்பூரில் பணிபுரிந்து அந்நாட்டு வெள்ளியில் ஊதியம் பெறுவோர் ஆகியோரும் வாழ்கின்றனர். தமிழர் அங்கே வாழ்வது பெருமைக்குரியது, அதில் ஐயமில்லை. ஆனால் அவ்வீடுகளுள் எத்தனையில் ஒரு தமிழ் நூல் இருக்கிறது? எத்தனை வீட்டுப் பிள்ளைகள் பாட்டி எழுதிய ஒரு வரியைப் படிக்க வல்லவர்கள்? பெருமை பேசுவோர் இக்கேள்விகளுக்கும் விடை கூறக் கடமைப்பட்டவர்கள்.

மண்ணின் கதை

இக்குடியிருப்புகள் வெறும் காட்டில் முளைத்தவை அல்ல. மவுண்ட் ஆஸ்டின் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜொகூரின் பெரிய இரப்பர் தோட்டங்களுள் ஒன்றாக இருந்தது. மிளகும் காம்பியரும் பயிரான ஜொகூர் மண்ணில் இரப்பர் பரவியபோது, காடு வெட்டவும் கன்று நடவும் பால் வெட்டவும் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து மக்கள் கொண்டுவரப்பட்டனர். கங்காணி முறையில் ஆள் சேர்ப்பது 1938-இல் இந்திய அரசு தடை விதிக்கும் வரை நீடித்தது. 1909-இல் ஜொகூர் பாருவை எட்டிய இரயில் பாதையும், 1924-இல் திறக்கப்பட்ட சிங்கப்பூர்ப் பாலமும் அத்தோட்டங்களின் இரப்பரைத் துறைமுகத்திற்கு விரைந்து கொண்டு சேர்த்தன. கம்பெனிகளின் ஆதாயம் இலண்டனுக்குப் போயிற்று. காய்ச்சலும் களைப்பும் லயத்தில் தங்கின.

பின்னர் இரப்பர் விலை சரிந்தது, செம்பனை வந்தது, அதன்பின் நிலத்தின் விலையே எந்தப் பயிரின் விலையையும் விஞ்சிற்று. 1994-இல் ஜொகூர் பாரு மாநகராயிற்று. 2006-இல் இஸ்கந்தர் வளர்ச்சி வட்டாரம் அறிவிக்கப்பட்டது. 2,217 சதுரக் கிலோமீட்டர், அதாவது சிங்கப்பூரைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு நிலப்பரப்பு அத்திட்டத்தில் அடங்கிற்று. வேளாண் நிலம் கட்டட நிலமாயிற்று. மரங்கள் சாய்ந்தன, லயங்களும் சாய்ந்தன.

லயத்தில் வாழ்ந்தவர்கள் என்ன ஆயினர்? தோட்டத்து வீடு தொழிலாளிக்குச் சொந்தமன்று. வேலை முடிந்த நாளில் வீடும் முடிந்தது. 1980-ஆம் ஆண்டின் பணிநீக்க இழப்பீட்டு விதிகளின்படி, ஐந்தாண்டுக்கு மேல் உழைத்தவருக்கு ஓராண்டுக்கு 20 நாள் கூலி உண்டு. முப்பதாண்டு பால் வெட்டிய ஒருவருக்கு 600 நாள் கூலி. 2013-இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளமான 900 வெள்ளியைக் கொண்டு, மாதத்திற்கு 26 வேலை நாள் எனக் கணக்கிட்டாலும், அத்தொகை 21,000 வெள்ளியை எட்டாது. அதற்கு மறு ஆண்டில், 2014-இல், வெளிநாட்டார் ஜொகூரில் வாங்கக்கூடிய வீட்டின் அடிப்படை விலை 10 இலட்சம் வெள்ளி எனக் குறிக்கப்பட்டது. ஒருவரின் முப்பதாண்டு உழைப்புக்குக் கிடைத்த விலை, அத்தகைய வீடொன்றின் விலையில் ஐம்பதில் ஒரு பங்கு அளவே! இக்கணக்கைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணிதப் பாடமாகக் கற்பித்தாலும் தகும்.

தோட்டத்தின் மக்கள் பெயர்ந்தனர்; தோட்டத்தின் பெயர் மட்டும் பெயரவில்லை. துரைமார் வைத்த பெயருக்குச் சந்தையில் மதிப்புண்டு. ஆதலால் அது விளம்பரப் பலகையில் ஏறிற்று. தொழிலாளர் தம் தோட்டங்களுக்குத் தமிழ்ப் பெயர் சூட்டி அழைத்தது மலேசியா முழுவதும் இருந்த வழக்கம். அப்பெயர்களைத் தாமான்களின் பெயர்ப்பலகையில் தேடினால் காண்பது அரிது. எனினும் ஓரிடத்தில் மட்டும் அந்த வரலாறு மறையாமல் நிற்கிறது. அது தமிழ்ப்பள்ளியின் பெயர்ப்பலகை. தோட்டம் மறைந்த பின்னும் ஜொகூரின் பல தமிழ்ப்பள்ளிகள் ‘லாடாங்’ என்னும் சொல்லைத் தம் பெயரில் தாங்கி நிற்கின்றன. மவுண்ட் ஆஸ்டினிலும் அவ்வாறு ஒரு தமிழ்ப்பள்ளி உண்டு. மாளிகைகளுக்கு நடுவே அச்சொல் ஒரு கல்வெட்டு.

இரண்டு மதில்கள்

மண்ணின் மீது எழும் மதிலுக்குச் சட்டம் உண்டு. 2007-இல் அடுக்குமாடி உரிமைச் சட்டம் திருத்தப்பட்ட பின்னர், தனி வீடுகளும் பொது வசதிகளும் அமைந்த மதில் சூழ்ந்த குடியிருப்புகளுக்குத் தெளிவான சட்ட வழி பிறந்தது. பொதுச் சாலைகள் உள்ள குடியிருப்புகளில் காவல் அமைப்பது பற்றி 2010-இல் அரசு வழிகாட்டி வெளியிட்டது. திருட்டுக்கு அஞ்சி மதில் கட்டுவதை எவரும் குறை கூற இயலாது. குறைக்குரியது இரண்டாவது மதில். அது கல்லால் ஆனதன்று, கூச்சத்தால் ஆனது. ‘தமிழ் தோட்டத்து மொழி, தோட்டத்தை விட்டு வந்தவருக்கு அது வேண்டியதில்லை’ என்னும் எண்ணத்தால் ஆனது. அம்மதிலுக்குச் சட்டமுமில்லை, வழிகாட்டியுமில்லை. இடிப்பதற்கு ஆணையிட ஒரு நகராண்மைக் கழகமும் இல்லை.

இம்மதிலின் கொடுமையை உணர வேண்டுமாயின், விடுமுறை நாளில் பேரனைக் காண வரும் ஒரு பாட்டியை எண்ணிப் பார்க்கலாம். இளமையில் அவர் பால் வெட்டிய மண்ணிலேயே இன்று மகனின் வீடு நிற்கிறது. வாயிலில் காவலரிடம் பெயர் கூறி, வீட்டு எண் கூறி, அனுமதி பெற்று உள்ளே செல்கிறார். அந்த மதிலை அவர் எளிதாகக் கடந்துவிடுகிறார். கூடத்தில் பேரன் ஓடி வருகிறான். பாட்டி தமிழில் கேட்கிறார்; பேரன் ஆங்கிலத்தில் விடையிறுக்கிறான்; நடுவே மகன் நின்று மொழிபெயர்க்கிறான். தன் குருதிக்கும் தனக்கும் இடையே ஒரு துபாசி தேவைப்படுகிறதே என்று அந்த மூதாட்டி வாய்விட்டுச் சொல்வதில்லை. மாளிகைக்குள் எழுந்த அந்த இரண்டாவது மதிலை அவரால் கடக்க முடிவதில்லை.

சொல்லப்படும் காரணங்கள்

செல்வர் குடியிருப்புகளில் தமிழ் கைவிடப்படுவதற்குப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்தல் தகும்.

முதற்காரணம் தொலைவு. தமிழ்ப்பள்ளி எட்டத்தில் இருக்கிறதாம். தொலைவு ஏழைக்கு உண்மையான தடை. மோட்டார் சைக்கிளில் மூன்று பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் தந்தைக்கு அது அன்றாடத் துன்பம். ஆனால் இரண்டு கார் நிற்கும் வீட்டில் அதைக் காரணமாகக் கூறுவது பொருந்துமா? நீச்சலுக்கும் பியானோவுக்கும் தனி வகுப்புக்கும் நகரின் இக்கோடியிலிருந்து அக்கோடிக்குப் பிள்ளைகள் அழைத்துச் செல்லப்படுகின்றனர். விடியுமுன் எழுந்து எல்லை கடந்து சிங்கப்பூர்ப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளும் உண்டு. பாலத்தைக் கடக்கத் தொலைவு தெரியாதவர்களுக்குத் தமிழ்ப்பள்ளிக்கு மட்டும் தொலைவு தெரிவது வியப்பன்றோ? மாசாய் வட்டாரத்து ரிந்திங் தோட்டத் தமிழ்ப்பள்ளியையும் இங்கு நினைவுகூர வேண்டும். தோட்டப் பெயரைத் தாங்கிய அப்பள்ளி, சுற்றிலும் எழுந்த தாமான்களின் தமிழ்க் குடும்பங்கள் நாடி வந்ததால் மாநிலத்தின் பெரிய தமிழ்ப்பள்ளிகளுள் ஒன்றாக வளர்ந்தது. தாமான் வாழ்க்கை தமிழுக்குப் பகையன்று; மனமில்லாமையே பகை என்பதை இது காட்டுகிறது.

இரண்டாம் காரணம் உலகப் போட்டி. ஆங்கிலமே சோறு போடும், தமிழ் போடாது என்பர். 2012-இல், அனைத்துலகப் பள்ளிகளில் மலேசிய மாணவர்க்கு இருந்த 40 விழுக்காட்டு வரம்பு நீக்கப்பட்டது. அதே ஆண்டில், இங்கிலாந்தில் 1843-இல் நிறுவப்பட்ட மார்ல்பரோ கல்லூரி ஜொகூரின் இஸ்கந்தர் வட்டாரத்தில் தன் கிளையைத் திறந்தது. வழி திறந்தது, வசதியுள்ளோர் சென்றனர். ஆங்கிலக் கல்வி வேண்டாம் என்று அறிவுடையோர் எவரும் கூறார். ஆனால் ஆங்கிலம் நுழைய வேண்டுமாயின் தமிழ் வெளியேற வேண்டும் என்பது எவ்வூர் நியாயம்? அனைத்துலகப் பள்ளிகளிலேயே பிள்ளைகள் பிரெஞ்சும் மாண்டரினும் கற்பதைப் பெற்றோர் பெருமையாகக் கூறுகின்றனர். மூன்றாவது மொழிக்கு இடமுள்ள மூளையில் தாய்மொழிக்கு மட்டும் இடமில்லையா? இன்று அக்குடியிருப்புகளில் வாழும் தமிழ் மருத்துவரும் வழக்கறிஞரும் பலர் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் முதல் எழுத்தைக் கற்றவர்களே. தம்மைத் தடுக்காத தமிழ் தம் பிள்ளையைத் தடுக்கும் என்று அவர்கள் நம்புவதற்கு ஆதாரம் யாது?

மூன்றாம் காரணம் ‘வீட்டில் பேசினால் போதும்’ என்பது. கேட்க இனிய சொல். ஆனால் வீட்டில் பேசுகிறார்களா? பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்ல, பிள்ளையை வளர்ப்பது இந்தோனேசியப் பணிப்பெண், பள்ளி ஆங்கிலம், விளையாட்டுத் தோழர் பேசுவது ஆங்கிலம், கைப்பேசியில் ஒலிப்பதும் ஆங்கிலம். மாலையில் தந்தை பேசும் நான்கு தமிழ்ச் சொற்களில் ஒரு மொழி வாழ்ந்துவிடுமா? எழுத்தறியாத தமிழ், ஒரு தலைமுறையில் சமையலறைச் சொற்களாகக் குறுகி, மறு தலைமுறையில் கோயில் வாயிலில் நின்றுவிடும். இதற்கு மாறான உண்மையும் உண்டு. பாலத்திற்கு அப்பால் சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று. 1966 முதல் இடைநிலைப் பள்ளிகளில் இரண்டாம் மொழி கட்டாயமாயிற்று. அங்கே செல்வர் வீட்டுப் பிள்ளையும் தமிழைப் பாடமாகக் கற்கிறது. எனினும் வீடுகளில் ஆங்கிலம் வளரத் தமிழ்ப் பேச்சு குறைந்து வருவதாக அங்குள்ள தமிழறிஞர் கவலையுறுகின்றனர். பள்ளியில்லாத வீடும் போதாது. வீடில்லாத பள்ளியும் போதாது. இரண்டும் வேண்டும்.

நான்காம் காரணம் தனியுரிமை. ‘என் பிள்ளையை எங்கே படிக்க வைப்பது என்பது என் விருப்பம்’ என்பர். உண்மையே, அவ்வுரிமையை எவரும் பறித்தல் ஆகாது. ஆனால் ஒவ்வொருவரின் விருப்பமும் சேர்ந்தே ஓர் இனத்தின் விதியாகிறது. 1957-இல் மலாயாவில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று மலேசியாவில் ஏறத்தாழ 530 உள்ளன. அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை 150 மாணவர்க்கும் குறைவாக உள்ள சிறு பள்ளிகள். தோட்டங்கள் மறைந்ததே பெருங்காரணம் என்பது மெய்தான். ஆனால் நகருக்கு வந்த பள்ளிக்கு நிலம் கேட்கவும், பகுதி உதவி பெறும் பள்ளியின் கட்டடத்திற்கு வாதாடவும், அமைச்சுக்கு மனு வரையவும், அறிவும் செல்வாக்கும் உள்ளோர் வேண்டும். அவர்கள் தம் பிள்ளைகளோடு பள்ளியை விட்டு நீங்கும்போது பிள்ளைகள் மட்டும் நீங்குவதில்லை. பள்ளிக்காகப் பேசும் குரலும் நீங்குகிறது. எஞ்சியிருப்போர் ஏழைகள். அவர்களின் குரல் அலுவலகங்களின் படியேறுவதற்குள் தேய்ந்துவிடுகிறது. ஏழைக்கு மட்டுமே உரியதான பள்ளி நாளடைவில் ஏழ்மையான பள்ளியாகவே நின்றுவிடும். பின்னர் அந்த ஏழ்மையைச் சுட்டியே ‘இதனால்தான் அனுப்பவில்லை’ என்பர். தாமே உண்டாக்கிய குறையைத் தாமே காரணமாகக் காட்டுவது எத்தகைய வாதம்!

இதே நகரில், இதே குடியிருப்புகளில் வாழும் சீனரைப் பாருங்கள். 1913-இல் தொடங்கப்பட்ட ஃபூன் யூ பள்ளி இன்று பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர் பயிலும் தனியார் சீன உயர்நிலைப் பள்ளியாக விளங்குகிறது. ஜொகூர் பாருவில் தோன்றிய அது 2005-இல் கூலாயிலும், 2021-இல் பண்டார் ஸ்ரீ ஆலாமிலும் கிளை விரித்தது. அதனைத் தாங்கி நிற்பது சீன சமுதாயத்தின் நன்கொடை. சீனச் செல்வர் ஆங்கிலத்தை வெறுத்தவரல்லர். உலக வணிகத்தில் பின்தங்கியவருமல்லர். மதில் சூழ்ந்த வீட்டில் வாழ்ந்தாலும் தம் மொழிப் பள்ளியின் மேலாளர் வாரியத்தில் இடம்பெறுவதை அவர்கள் மதிப்பாகக் கருதுகின்றனர். செல்வம் மொழியைக் கொல்லும் என்பது உலக நியதியன்று. கொல்ல விரும்புவோர் கையில் அது கத்தி. காக்க விரும்புவோர் கையில் அது கேடயம்.

தமிழரிடம் கொடையுள்ளம் இல்லையா? ஜொகூர் பாருவின் அருள்மிகு ராஜகாளியம்மன் கோயிலைக் கண்டவர் அவ்வாறு கூறார். 1922-இல் எளிய குடிலாகத் தோன்றிய அக்கோயில், இலட்சக்கணக்கான கண்ணாடித் துண்டுகள் பதித்த கண்ணாடிக் கோயிலாக 2009-இல் புதுப்பொலிவு பெற்றது. உலகின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் வந்து காண்கின்றனர். வேண்டும் என்று எண்ணியதை இச்சமுதாயம் கட்டி முடித்துவிடும் என்பதற்கு அதுவே சான்று. பள்ளியையும் நூலகத்தையும் அவ்வாறு வேண்டும் என்று எண்ணவில்லை என்பதே குறை.

மறுபுறத்துக் குற்றம்

குற்றம் முழுவதையும் மாளிகைவாசிகள் தலையில் சுமத்திவிட்டுத் தமிழ்ப்பணி செய்வோர் கை கழுவிக்கொள்ளுதலும் ஆகாது. மேடைகளில் லயத்து வாழ்வைப் பொற்காலமாகப் பாடுவோர் உளர். ஒழுகும் கூரையும் பொதுக் குழாயும் பொற்காலமல்ல. அதை விட்டு வெளியேறியவனைத் துரோகி என்று பழிப்பது, படித்து உயர்ந்துவா என்று அனுப்பிய பெற்றோரையே பழிப்பதாகும். தமிழன் நல்ல வீட்டில் வாழ வேண்டும். மதிலுள்ள வீட்டிலும் வாழ வேண்டும். குழிப்பந்தும் ஆட வேண்டும். ஏழ்மையோடு தமிழைப் பிணைத்துப் பேசுவோர், செல்வர் தமிழைக் கைவிடுவதற்குத் தாமே நியாயம் வகுத்துக் கொடுக்கின்றனர்.

செல்வரைத் தமிழ்ப்பள்ளிகளும் தமிழ்ச் சங்கங்களும் நாடுவது எப்போது? பரிசளிப்பு விழாவுக்குத் தேதி குறித்த பின்னரே. பொன்னாடையும் மாலையும் ஒரு கையில், நன்கொடை அட்டை மறு கையில். அவர் பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது என்று கேட்டால் நன்கொடை குறைந்துவிடுமோ என்ற அச்சம்! பணம் கேட்கத் துணிந்தவர்கள் பிள்ளையைக் கேட்கத் துணிந்ததில்லை. மேலும், தமிழாசிரியர் சிலரின் பிள்ளைகளே தமிழ்ப்பள்ளியில் இல்லை என்னும் குறை நெடுங்காலமாகக் கூறப்படுகிறது. மருத்துவருக்கு அறிவுரை கூறுமுன் ஆசிரியர் தம் வீட்டைப் பார்த்துக்கொள்ளுதல் நலம். தான் சமைத்ததைத் தான் உண்ணாத சமையற்காரரை எந்த விருந்தினர் நம்புவார்?

பாடம் கற்பிக்கும் முறையும் எண்ணத்தக்கது. ஏரும் எருதும் மட்டுமே தமிழ் என்று கற்கும் நகரத்துச் சிறுவனுக்குத் தமிழ் பாட்டன் காலத்துப் பெட்டியாகத் தோன்றும். மின்தூக்கியும் கணினியும் பாலத்துப் போக்குவரத்து நெரிசலும் தமிழில் பேசப்படலாம், எழுதப்படலாம் என்று அவன் அறிந்தால் மட்டுமே அது அவன் மொழியாகும்.

பதினைந்து கையொப்பங்கள்

புலம்பலால் பயனில்லை, செய்யத்தக்கது யாது என்று காண வேண்டும்.

தமிழ்ப்பள்ளிக்கு அனுப்ப இயன்றோர் அனுப்புக; அதுவே முதல் வழி. அது இயலாத இடத்திலும் சட்டம் ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், தேசியப் பள்ளியில் குறைந்தது 15 மாணவரின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழ் கற்பிக்க வசதி செய்யப்படவேண்டும் என்று கூறுகிறது. தேசிய இடைநிலைப் பள்ளிக்கும் அவ்விதி உண்டு. பதினைந்து கையொப்பங்கள்! ஒரு குடியிருப்பின் தீபாவளி விருந்தில் கூடும் தமிழரைக் கணக்கிட்டால் பதினைந்து பெற்றோர் தேறமாட்டார்களா? காவலர் சம்பளத்திற்கும் குப்பை அகற்றவும் சாலை விளக்குக்கும் குடியிருப்போர் சங்கத்தில் கையொப்பமிடுவோர், பிள்ளைகளின் தாய்மொழிக்கு ஒரு கையொப்பம் இட இயலாதா? அந்தக் கதவு பல இடங்களில் மூடிக் கிடப்பதற்குக் காரணம், தட்டுவார் இல்லாமையே. வகுப்பு வந்தபின் அதைக் காப்பதற்கும் பெற்றோர் விழிப்போடிருத்தல் வேண்டும். ஆசிரியர் இல்லை என்ற விடை வந்தால் மீண்டும் மீண்டும் எழுதிக் கேட்டல் வேண்டும். ஐந்தாம் படிவத் தேர்வில் தமிழ் மொழியும் தமிழ் இலக்கியமும் எடுக்கும் மாணவன் உருவாவது இத்தகைய முயற்சியால்தான்.

அடுத்து நிலம். 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி உள்ளூர்த் திட்ட வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படவேண்டும். அதற்கு மறுப்பும் கருத்தும் கூற மக்களுக்கு உரிமை உண்டு. புதிய நகரியத்தில் தமிழ்ப்பள்ளிக்கு இடம் ஒதுக்குக என்று எழுத வேண்டிய காலம் அதுவே. கட்டடங்கள் எழுந்த பின் கதறுவதால் நிலம் கிடைக்காது. இம்மனுவை எழுத வல்லவர் யார்? திட்டப்படத்தைப் படிக்கத் தெரிந்த பொறியாளர், சட்டப் பிரிவைச் சுட்டத் தெரிந்த வழக்கறிஞர். அவர்களே மதிலுக்குள் வாழும் தமிழர். பால்வெட்டுத் தொழிலாளியின் பிள்ளை பொறியாளர் ஆனதன் பயன் இதுவன்றோ? ஒரு மாலைப்பொழுதை இதற்கு ஈந்தால், ஆயிரம் வெள்ளி நன்கொடையினும் அது பெரிது.

மூன்றாவது, குடியிருப்புக்குள்ளேயே தமிழுக்கு ஓரிடம். பொது மண்டபம் வாரத்தில் பல நாள் வெறுமையாகக் கிடக்கும். ஞாயிறு காலை இரண்டு மணிநேரம் அங்கே தமிழ் வகுப்பு நடத்தலாம். நூறு நூல் கொண்ட ஓர் அலமாரி வைக்கலாம். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஊரெங்கும் உளர். மதிலுக்கு வெளியே வாழும் தமிழ்ப் பிள்ளைகளையும் அவ்வகுப்பில் சேர்த்தல் வேண்டும். இன்றேல் அது மதிலுக்குள் மற்றொரு மதிலாகிவிடும்.

நாளங்காடி

செல்வர் தனித் தெருவில் வாழ்வது புதிதன்று. சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரம் இரு பகுதிகளாக அமைந்திருந்தது. கடலோரத்து மருவூர்ப்பாக்கத்தில் யவனரும் நெசவாளரும் குயவரும் மீன் விற்போரும் வாழ்ந்தனர். பட்டினப்பாக்கத்தில் அரசரும் பெருவணிகரும் வாழ்ந்தனர். அன்றும் ஏற்றத்தாழ்வு இருந்தது. ஆனால் அவ்விரு பாக்கங்களுக்கும் நடுவே மதில் எழவில்லை, நாளங்காடி இருந்தது. இரு பாக்கத்தாரும் வந்து கூடும் பொதுவிடமாக அந்த மரச்சோலைச் சந்தை விளங்கிற்று. நடுவே ஒரு பொதுவிடம் இருந்ததால்தான் இரு பாக்கமும் சேர்ந்து ஒரு நகரமாக நின்றன.

ஜொகூர் பாருத் தமிழர்க்கும் இன்று இரு பாக்கங்கள் உள்ளன. ஒன்று மதிலுக்கு உள்ளே; மற்றொன்று மலிவு விலை அடுக்குமாடிகளிலும் எஞ்சிய தோட்டங்களிலும். இவற்றுக்கு நடுவே எந்த நாளங்காடி உண்டு? மருத்துவர் மகளும் லாரி ஓட்டுநர் மகனும் ஒரே விசிப்பலகையில் அமரக்கூடிய இடம், ஒரே சொல்லைக் கேட்டு ஒன்றாகச் சிரிக்கக்கூடிய இடம், தமிழ் வகுப்பைத் தவிர வேறு யாது? அவ்விடமும் அழிந்தால் இரு பாக்கத்தாரும் ஒருவரையொருவர் அறியாத இரு கூட்டத்தாராவர். ஒரு கூட்டத்திற்குச் செல்வம் இருக்கும், மொழி இராது. மறு கூட்டத்திற்கு மொழி இருக்கும், அதைக் காக்கும் வலிமை இராது. இழப்பு இருவர்க்கும் உரியது.

மாளிகையில் வாழும் தமிழர் மாளிகையை விட்டு இறங்கி வரவேண்டியதில்லை. அந்த மண்ணில் விடியற்காலையில் கத்தியோடு நடந்தவர்களின் மொழி, அதே மண்ணில் எழுந்த வீட்டிற்குள் காவலரிடம் அனுமதி கேளாமல் நுழையட்டும். பதினைந்து பெற்றோர் கூடுக, ஒரு தாளை எடுக்க, கையொப்பமிடுக. ஆசிரியரும் மாணவரும் அத்தாளை ஏந்தி அவர்கள் கதவைத் தட்டுக. தோட்டத்தை இழந்தது காலத்தின் செயல். மொழியை இழந்தால் அது தமிழர் தம் கையாலேயே செய்துகொண்ட செயலாகும்.